கொப்பிக்குள் கிடக்கும் ஆய்வை வகுப்பறைக்குக் கொண்டுபோக: மட்டக்களப்பு, அம்பாறை இசை ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்தின் இறுதியாண்டு ஆய்வேடுகள், பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காகச் செய்யும் செயல்நிலை ஆய்வுகள், கல்வியியற் கல்லூரி ஒப்படைகள் என்று நம் இரண்டு மாவட்டங்களிலும் இசை பற்றிய ஆய்வுக்குக் குறைவில்லை. செய்தவர் புள்ளி வாங்குகிறார், கட்டிய பிரதி அலுமாரிக்குப் போகிறது, அதோடு சரி. எப்போதாவது ஒரு கருத்தரங்கில் பேசினாலும் கேட்பவர் கைக்கு வந்து சேர்வது முடிவு மட்டும்தான்: "சுருதிப் பயிற்சி நல்ல பலன் தந்தது." எந்தப் பயிற்சி, எத்தனை நிமிடம், எந்தச் சுருதியில், எந்த வயதுப் பிள்ளைகளோடு என்று எதுவும் தெரியாமல் வாகரையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் ஓர் ஆசிரியர் அந்த முடிவை வைத்து என்ன செய்வார்?

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், பழைய யாழ்களின் சுருதிகளைக் கணக்கிட்டு எழுதிய யாழ் நூலை 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அந்தக் கணக்கின்படி செய்த யாழ்களும் அங்கே அவைக்கு வந்தன. கணக்கைச் சொன்னதோடு நிற்காமல், கேட்டுப் பார்க்க ஒலியையும் கொடுத்த அந்த முறையைத்தான் இங்கே நடைமுறை விவரமாக விரித்திருக்கிறோம். இன்னோர் ஆசிரியர் அடுத்த திங்கட்கிழமை தன் வகுப்பில் செய்து பார்க்கக்கூடிய வடிவில் உங்கள் ஆய்வு இருக்க வேண்டும். அளவுகோல் அதுதான்.

ஒரு பொதியில் என்னென்ன

ஆய்வேடு முழுவதையும் அனுப்பாதீர்கள். நூறு பக்கத்தைத் தவணை நடுவில் வாசிக்க யாருக்கும் நேரம் கிடையாது. நான்கு பக்கக் குறிப்பு ஒன்று, ஒலிப்பதிவு இரண்டு மூன்று, சுரக்குறிப்பு, வாரவாரியான பயிற்சி அட்டவணை, அனுமதி விவரம் எழுதிய ஒரு தாள் ஆகியவை போதும்.

குறிப்பின் முதல் வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும். "கர்நாடக சங்கீதம் கற்பித்தலில் எதிர்நோக்கப்படும் பிரச்சினைகளும் தீர்வுகளும்" என்பது தலைப்புதான். "தரம் 6 பிள்ளைகள் தினமும் ஐந்து நிமிடம் ஆதார சட்ஜத்தில் அகாரம் பிடித்தால் ஆறு வாரத்தில் பஞ்சமத்தைச் சரியாகச் சேர்ப்பார்களா?" என்பது கேள்வி. இப்படிக் கேட்டால் என்ன அளக்க வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

அடுத்து, வகுப்பைப் பற்றி உண்மையான விவரம்: எத்தனை பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, இசை அறை உண்டா, பக்கத்து வகுப்பின் சத்தம் வருமா, சுருதிக்கு எது இருந்தது. பிள்ளைகளை எப்படித் தெரிந்தெடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தமிழ்த் தினப் போட்டிக்குப் பழக்கும் பத்துப் பிள்ளைகளோடு செய்துவிட்டு "தரம் 8 மாணவர்" என்று எழுதுவது நம் ஆய்வுகளில் அடிக்கடி காணும் குறை. அவர்கள் ஏற்கனவே குரல் வளம் உள்ளவர்கள். அந்தப் பயிற்சியைச் சாதாரண வகுப்பில் செய்பவர் பலன் காணாமல் தன் கற்பித்தலில்தான் பிழை என்று நினைப்பார்.

எது சரிவரவில்லை என்பதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். வாசிப்பவருக்கு மிகவும் பயன்படுவது அந்த அரைப் பக்கம்தான். மூன்றாம் வாரம் மழைக்குப் பிள்ளைகள் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வருவது நமக்கு வழமை. வடகீழ்ப் பருவமழையின் நடுவில் ஆறு வார ஆய்வைத் திட்டமிடாமல் இருப்பது இன்னும் நல்லது.

ஒலிப்பதிவு: கைத்தொலைபேசியே போதும், ஆனால் அமைப்பை மாற்றுங்கள்

பெரும்பாலான பதிவுகள் கெடுவது ஒரே காரணத்தால்: தொலைபேசி, பேச்சைப் பதிவதற்கென்று அமைக்கப்பட்டிருக்கிறது. இடைவிடாமல் ஒரே அளவில் ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும். நமக்கு இடைவிடாமல் ஒலிப்பது தம்பூரா அல்லது சுருதிப்பெட்டி. பாடல் தெளிவாகக் கேட்கும், சுருதி மட்டும் வந்து வந்து மறையும். மத்தளத்தில் இதற்கு எதிரான கோளாறு நடக்கும். தானியங்கி ஒலியளவுக் கட்டுப்பாடு, பலத்த அடி விழுந்ததும் முழுப் பதிவையும் தாழ்த்தி, பிறகு மெதுவாக உயர்த்தும். வலுவான அடிக்கும் மெல்லிய அடிக்கும் இருந்த வேறுபாடு போய்விடும். அடியின் அழுத்தத்தை ஆராய வந்தவருக்கு அந்தப் பதிவால் பயனில்லை.

ஆகவே, ஆண்ட்ராய்ட் தொலைபேசியில் இரைச்சல் நீக்கத்தையும் தானியங்கி ஒலியளவையும் நிறுத்தக்கூடிய ஒலிப்பதிவுச் செயலியை எடுங்கள். கோப்பு வடிவம் வேவ், 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் அமைப்புக்குள் ஒலித் தரத்தை 'லாஸ்லெஸ்' என்று மாற்றலாம். வேவ் கோப்பு ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் பிடிக்கும், இரட்டைத் தடத்தில் 17. விடிய விடிய நடக்கும் கூத்தை இரட்டைத் தடத்தில் பதிந்தால் எட்டு மணிக்கூட்டுக்கு 8 கிகாபைட்டுக்கு மேல் வரும். வேவ் கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால் சில கருவிகள் தாமாகவே துண்டாக்கும், சில நின்றுவிடும். முதலே அறிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு மணிக்கொருமுறை நீங்களே நிறுத்தித் தொடங்குங்கள்.

பதியத் தொடங்குமுன் விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தனிக்குரலுக்கு வாயிலிருந்து ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட, நேர் முன்னால் வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்தால் 'ப' வரும்போது காற்று அடிக்காது. மத்தளத்துக்கு இரண்டு மூன்று மீற்றர் தூரம் வேண்டும். கூத்துக் களரியில் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் அதன் முன்னால் நிற்காதீர்கள். அண்ணாவியார் (கூத்தைப் பழக்கும் ஆசான்) நிற்கும் பக்கமாகப் போய், ஆட்டக்காரரின் வழியை மறிக்காத இடத்தில் தாங்கியில் பொருத்துங்கள். சட்டைப் பையில் வைத்த தொலைபேசி துணி உரசுவதைத்தான் பதியும். ஒலி அளவுமானி மிக உரத்த இடத்தில் கழித்தல் 12க்கும் கழித்தல் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்க வேண்டும். பூச்சியத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியைப் பிறகு எந்தச் செயலியாலும் முழுமையாக மீட்க முடியாது.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வாயால் சொல்லுங்கள்: திகதி, இடம், யார், என்ன பாடல், எத்தனை கட்டை (சுருதியின் உயரம்). பிறகு சுருதிப்பெட்டியைப் பத்துச் செக்கன் தனியாக ஒலிக்க விடுங்கள். அந்தப் பத்துச் செக்கன் பின்னால் பெரும் உதவியாக இருக்கும். கோப்பு வேறு வேகத்தில் ஓடினாலோ, யாரும் வெட்டி ஒட்டினாலோ, மூலச் சுருதி எது என்று அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினால் ஒலி கடுமையாகச் சுருங்கிவிடும். ஏற்கனவே பதிந்த வேவ் கோப்பை 'ஆவணம்' என்று இணைத்தால் அப்படியே போய்ச் சேரும். டேட்டா போதாதென்றால் 192 கிலோபிட் எம்பி3 பிரதி ஒன்று எடுங்கள், நிமிடத்துக்கு ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கும். மூல வேவ் கோப்பை அழிக்க வேண்டாம்.

சுருதி சேர்ந்ததா என்று அளப்பது

வகுப்பறை ஆய்வுகளில் அதிகம் அளக்கப்படுவதும் அதிகம் பிழைப்பதும் இதில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

"முன்பு 40 வீதம், பின்பு 80 வீதம்" என்று எழுதுகிறோம். யார் கேட்டு முடிவு செய்தது? பயிற்சி கொடுத்த ஆசிரியரே. தான் பாடுபட்டுப் பழக்கிய பிள்ளை இப்போது நன்றாகப் பாடுவதாக ஆசிரியருக்குக் கேட்பது இயல்பு. அதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முன் பதிவு, பின் பதிவு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, பயிற்சியோடு தொடர்பில்லாத ஒருவரிடம் கொடுத்து, கண்டபடி கலைத்து 1, 2, 3 என்று எண் இடச் சொல்லுங்கள். எந்த எண் எந்தப் பிள்ளை, முன்னா பின்னா என்ற பட்டியல் அவரிடமே இருக்கட்டும். வேறு பாடசாலையைச் சேர்ந்த இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகக் கேட்டு 1 முதல் 5 வரை புள்ளி இடட்டும். கடைசியில் பட்டியலைத் திறந்து பாருங்கள். இருவரின் புள்ளியும் பல இடங்களில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால், "3 என்றால் எப்படி இருக்கும்" என்பதை நீங்கள் தெளிவாக எழுதிக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். விளக்கத்தைத் திருத்தி மறுபடி கேட்கச் செய்யுங்கள்.

பாடச் சொல்வது பாடத்திட்டப் பாடலாக இருக்கக் கூடாது. ஆறு வாரத்தில் அந்தப் பாட்டு எப்படியும் பழகிவிடும். முன்னேற்றம் பயிற்சியால் வந்ததா, பாட்டு மனப்பாடமானதால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஸ – ப – மேல் ஸ – ப – ஸ என்று ஒவ்வொன்றையும் நான்கு எண்ணிக்கை பிடிக்கச் சொன்னால் போதும்.

கணினியில் அளக்க விரும்புவோருக்கு ப்ராட், டோனி என்ற இரண்டு இலவச மென்பொருள்களும் குரலின் சுருதியைக் கோடாக வரைந்து காட்டும். சென்ட் என்ற அளவில் எழுதுங்கள். ஒரு அரைச்சுரம் 100 சென்ட். ஆறு கட்டைச் சட்ஜத்தை 220 ஹெர்ட்ஸ் என்று வைத்தால், 213.7 பாடிய பிள்ளை 50 சென்ட் இறங்கியிருக்கிறது, அதாவது கால் சுரம். சுரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் விட்டு நடுப்பகுதியில் எண்ணை எடுங்கள். எடுப்பில் எந்தக் குரலும் கொஞ்சம் கீழேயிருந்துதான் ஏறி வரும்.

இங்கே ஒரு பொறி உண்டு. கிற்றார் கட்டும் ட்யூனர் செயலியைத் தீர்ப்பாளராக வைக்காதீர்கள். அது ஆர்மோனியத்தின் சம இடைவெளிச் சுரங்களைத்தான் சரி என்று காட்டும். தம்பூராவோடு இழையும் அந்தர காந்தாரம் சட்ஜத்தின் ஒன்றேகால் மடங்கு, 220க்கு 275 ஹெர்ட்ஸ். ஆர்மோனியக் காந்தாரம் 277.2. இரண்டுக்கும் இடையில் 14 சென்ட். காது நன்றாக உள்ள பிள்ளை தம்பூராவோடு சேர்த்துப் பாடும், செயலி "குறைவு" என்று சிவப்புக் காட்டும். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான்.

இல்ல விளையாட்டுப் போட்டி நடக்கும் வாரத்தில் பதிவு எடுக்காதீர்கள். கத்திக் கத்திப் பாதிப் பிள்ளைகளின் தொண்டை கட்டியிருக்கும். தரம் 8, 9 ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும் காலம். தவணைத் தொடக்கத்தில் ஐந்து கட்டையில் பாடியவன் தவணை முடிவில் அந்தச் சுருதியைத் தொட முடியாமல் திணறலாம். உங்கள் பயிற்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அப்படியான பிள்ளைகளின் பதிவைத் தனியாக வைத்து, ஏன் பிரித்தீர்கள் என்று எழுதுங்கள்.

சுரக்குறிப்பும் எழுத்துருவும்

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். தேடினாலும் அகப்படாது. இனி எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். பழையதை இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு மாற்றலாம். மாற்றிய பிறகு கொம்பு, ஔகாரம், கிரந்த எழுத்து ஆகிய இடங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள், அங்கேதான் தவறும்.

சுரத்துக்கு மேலும் கீழும் இடும் தாயிப் புள்ளிதான் பெரிய சிக்கல். மெய்யெழுத்தின் புள்ளியோடு அது குழம்பும். சில எழுத்துருவில் பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். அட்டவணை போட்டு எழுதுவதே பாதுகாப்பு. ஆதி தாளத்துக்கு எட்டுக் கட்டம், நான்காம், ஆறாம் கட்டங்களுக்குப் பின் தடித்த கோடு. ஒரு கட்டத்துக்குள் ஓர் அட்சரம். காற்புள்ளி ஒரு மாத்திரை நீட்டல், அரைப்புள்ளி இரண்டு. புள்ளி இடுவது கரைச்சலாக இருந்தால் தாளில் கையால் தெளிவாக எழுதி, பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து படம் எடுத்துச் சேருங்கள். அழகு குறைந்தாலும் பிழை வராது. தட்டச்சு ஆவணத்தை பிடிஎஃப் ஆக்கித்தான் அனுப்ப வேண்டும், வேர்ட் கோப்பாக அனுப்பினால் கட்டங்கள் கலையும்.

குறிப்பின் தலையில் இராகம், தாளம், கட்டை, காலப்பிரமாணம் ஆகியவற்றோடு யாரிடம் கேட்ட பாடாந்தரம் (பாடும் வழி) என்றும் எழுதுங்கள். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படித்தவர் ஒரு சங்கதியைப் பாடும் விதமும் தமிழகத்தில் கற்று வந்தவர் பாடும் விதமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பாடாந்தரம் எழுதப்படாத குறிப்பைப் பார்த்தால் அடுத்தவர் அதைப் பிழை என்று திருத்திவிடுவார்.

கூத்து, காவியம், கவி: கேட்டு எடுப்பது

நம் ஆய்வுகளில் பாதி, வகுப்பறைக்கு வெளியே இருக்கும் இசையைப் பற்றியது. வடமோடி, தென்மோடி, வசந்தன், கண்ணகி வழக்குரை, குளுத்திப் பாடல்கள், பறைமேளம், அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களின் கவியும் றபானும். இவற்றைப் பகிர்வதில் தொழில்நுட்பத்தை விட அனுமதிதான் கவனம் வேண்டும் இடம்.

அண்ணாவியாரிடம் போகும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரையோ அவருடைய மாணவர் ஒருவரையோ கூட்டிப் போங்கள். வெற்றிலை பாக்கோடு போவதே முறை. பதிவு எதற்கு, யார் கேட்பார்கள், இணையத்தில் ஏறுமா என்ற மூன்றையும் பதியுமுன் வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். அவர் சம்மதிப்பதையும் அதே பதிவில் எடுங்கள். கையெழுத்து வாங்கும் தாளை நீட்டியதும் தயங்கும் முதியவர்கள், குரலில் தாராளமாகச் சொல்வார்கள். வகுப்பில் போட்டுக் காட்டச் சம்மதித்தவர் இணையத்தில் ஏற்றச் சம்மதித்ததாக எடுக்கக் கூடாது. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். ஆய்வில் "தகவலாளர் 1" என்று மறைப்பதும் சரியில்லை. அவர் விரும்பினால் பெயர், ஊர், அவருடைய அண்ணாவியார் யார் என்பது எல்லாம் முதல் பக்கத்திலேயே வர வேண்டும், அந்த அறிவு அவருடையது. பதிவின் பிரதியை அவர் வீட்டில் கேட்கக்கூடிய வடிவில் கொடுங்கள். எழுதி முடித்த குறிப்பை அவருக்கு வாசித்துக் காட்டினால், உங்களுக்குத் தெரியாத பிழை இரண்டாவது வெளியே வரும்.

கண்ணகி கோயில்களில் காவியம் பாடுவதும் குளுத்தி பாடுவதும் வைகாசிச் சடங்கோடு சேர்ந்தது. கதவு திறக்கும் அந்த நாட்களுக்கு வெளியே, பதிவுக்காகப் பாடித் தாருங்கள் என்று கேட்டுக் கட்டாடியாரையோ (பூசகர்) பாடுபவரையோ சங்கடத்தில் விடாதீர்கள். கோயில் நிருவாகத்திடம் சடங்குக்கு முன்பே கேளுங்கள். எந்த இடத்தில் பதியக் கூடாது என்று சொல்கிறார்களோ அந்த இடத்தில் கருவியை நிறுத்துங்கள், "இங்கே பதியவில்லை" என்று குறிப்பில் எழுதுங்கள்.

தாளக்கட்டை எழுதும்போது அண்ணாவியார் வாயால் சொல்லும் சொல்லை அப்படியே எழுதுங்கள். தெய் என்றால் தெய், தேய் என்றால் தேய். சல்லரி (கைத்தாளம்) எங்கே விழுகிறது என்று அதன் கீழ் இன்னொரு வரியில் அடையாளம் இடுங்கள். இது ரூபகமா, திஸ்ர நடையா என்ற உங்கள் விளக்கம் மூன்றாவது வரியில் தனியாக இருக்கட்டும். கர்நாடக இசை கற்ற நாம் கேட்டவுடனே நமக்குத் தெரிந்த தாளத்துக்குள் அதை அடைத்துவிடுகிறோம். ஆட்டக்காரரின் காலுக்காக இழுபடும் இடங்கள் "தாளப் பிழை" என்று திருத்தப்பட்டுக் காணாமல் போகின்றன. மூன்று வரியாக இருந்தால் அடுத்து வருபவர் உங்கள் விளக்கத்தை ஏற்காவிட்டாலும் முதல் இரண்டு வரியையும் பயன்படுத்த முடியும்.

பழைய கசற்கள் பல வீடுகளில் இருக்கின்றன. ஓட விடுமுன் முழு நாடாவையும் ஒருமுறை முன்னுக்கும் பின்னுக்கும் சுற்றுங்கள், ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் தளரும். தவறுதலாக அழியாமல் இருக்கப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் தட்டை உடைத்துவிடுங்கள். கருவியின் தலையை ஐசோபுரோப்பைல் மதுசாரம் தொட்ட பஞ்சால் துடைத்து நன்கு காயவிடுங்கள். முக்கியமான எச்சரிக்கை: பற்றரி இறங்கிய கருவியில் பதிந்த நாடா இப்போது வேகமாகவும் உயர்ந்த சுருதியிலும் ஓடும். வேகத்தில் 6 வீதம் கூடினால் ஒரு முழு அரைச்சுரம் ஏறிவிடும். எனவே கசற்றிலிருந்து "இவர் மூன்று கட்டையில் பாடினார்" என்று எழுத முடியாது. அவருடைய குரலை அறிந்தவர் ஒருவரைக் கேட்கச் செய்து, வேகம் சந்தேகம் என்று குறிப்பிட்டு எழுதுங்கள்.

சட்டப்படி, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியவரின் ஆயுளுக்கும் அதன் பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமை தருகிறது. நாட்டார் வழக்குகளுக்கும் அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. வகுப்பில் கற்பிப்பதும் பாடி இறுவட்டாக விற்பதும் வேறு வேறு. பிள்ளைகளின் பதிவுக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதியும் அதிபரின் அனுமதியும் வேண்டும். பெயருக்குப் பதில் மா01, மா02 என்று குறியிடுங்கள், முகம் தெரியும் காணொளியைப் பொதியில் சேர்க்காதீர்கள்.

கூடிப் பேசும் வட்டம்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். கூடினால் பாதிப் பேர் பேசாமல் இருப்பார்கள். வெள்ளி ஜும்ஆவும் கோயிலும், ஞாயிறு காலை தேவாலயமும் அறநெறியும் என்பதால் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டரை வரை பலருக்கும் சரிவரும். ஒரே இடத்தில் வைத்தால் படுவான்கரையில் இருப்பவர்களும் பொத்துவில் பக்கத்தவர்களும் இரண்டாம் தடவை வரமாட்டார்கள். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஆசிரிய ஆலோசகர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு முன்கூட்டி எழுதினால் ஆசிரிய மையத்தின் அறை கிடைக்கக்கூடும். தவணைக்கு இரண்டு சந்திப்பு, ஒரு சந்திப்பில் இரண்டு ஆய்வு. அதற்கு மேல் வைத்தால் இரண்டாமவருக்கு நேரம் மிஞ்சாது.

நான்கு பக்கக் குறிப்பு ஒரு வாரம் முந்தியே எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். சந்திப்பில் ஒருவருக்கு ஐம்பது நிமிடம்: பத்து நிமிடம் கேள்வியையும் முறையையும் சொல்வது, பதினைந்து நிமிடம் ஒலி கேட்பது, மீதி பேச்சு. முடிவைச் சொல்லுமுன் ஒலியைப் போடுங்கள். "இதில் முன்னேற்றம் தெரிகிறது, கேளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போட்டால் எல்லோருக்கும் முன்னேற்றம்தான் கேட்கும். கேட்டவுடன் தாளில் எழுதட்டும், பிறகு பேசட்டும். தொலைபேசியின் சிறு ஒலிவாங்கியில் பதிந்ததைத் தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியிலேயே போட்டால் மத்தளத்தின் தாழ்ந்த ஒலி கேட்காது. கம்பியால் இணைத்த ஓரளவு பெரிய ஒலிபெருக்கி கட்டாயம்.

நம்மிடம் குருபக்தி ஆழமாக இருப்பதால் ஒரு சிக்கல் வரும். மூத்த சேர் ஒருவர் "இது சரியில்லை" என்றால் அதன் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவருடைய ஆய்வு என்றாலோ எல்லோரும் "நல்லா இருக்கு" என்று முடித்துவிடுவார்கள். மரியாதை குறையாமல் இதைத் தீர்க்கலாம். கருத்தைப் பெயர் இல்லாத துண்டில் எழுதி வாங்கி, நெறிப்படுத்துபவர் வாசிக்கட்டும். பேசும் வரிசையில் இளையவர் முதலில், மூத்தவர் நிறைவாக. துண்டில் கேட்பது இவ்வளவுதான்: இதை என் வகுப்பில் செய்ய எனக்கு என்ன விவரம் போதவில்லை? ஒலியில் நான் கேட்டது குறிப்பில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா? வேறு என்ன காரணத்தால் இந்த மாற்றம் வந்திருக்கலாம்?

வெள்ளத்தால் பாதை மறித்தால் ஸூமில் கூடலாம். செயலியின் ஒலி அமைப்பில் இசைக்கலைஞருக்கான 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதை இயக்காவிட்டால் அங்கேயும் சுருதி அமுங்கும். இணையத்தில் ஒலி தாமதமாகத்தான் போய்ச் சேரும் என்பதால் சேர்ந்து பாடவோ தாளம் போடவோ முயல வேண்டாம். பதிவைப் போட்டுக் கேட்கலாம், பேசலாம். இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், பேச்சு நேரத்தைக் குறைத்து ஓர் ஆய்வுக்கு ஓர் அழைப்பு என்று திட்டமிடுங்கள்.

வைப்பதும் அனுப்புவதும்

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். 2004 ஆழிப்பேரலை கண்ட கரையில் இருக்கிறோம், ஆண்டுதோறும் வெள்ளமும் வருகிறது. எல்லாப் பிரதியும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. உப்புக்காற்றில் பென் டிரைவின் முனை கறுத்துப்போகும். அதை நிரந்தரக் களஞ்சியம் என்று எண்ணாமல், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோப்பையும் திறந்து பார்த்துப் புதியதில் பிரதி எடுங்கள். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் ஆண்டு, மாதம், திகதி, ஊர், வகை, இலக்கம் என்ற ஒழுங்கில் வைத்தால் காலவரிசையில் தானாக அடுக்கும்.

பகிர அனுமதி உள்ளவற்றை நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். இலங்கைத் தமிழ் ஆவணங்களுக்கான அவர்களின் எண்ணிம நூலகத்தில் எழுத்தும், ஆவணகத்தில் ஒலியும் படமும் சேர்கின்றன. கல்லடி நிறுவகம், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் நூலகங்களிலும் ஒரு பிரதி இருக்கட்டும். 1953இல் தொடங்கிய சர்வதேச இசைக் கல்விச் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலக மாநாடு நடத்துகிறது. அங்கே அனுப்ப விரும்பினால் ஆங்கிலச் சுருக்கம் வேண்டும். அதில் கூத்து, குளுத்தி போன்ற பெயர்களை அப்படியே வைத்து ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

செய்து பார்த்தவர் திருப்பி எழுதுவது

ஒருவர் பகிர்ந்த பயிற்சியை இன்னொருவர் தன் வகுப்பில் செய்தால், ஒரு பக்க மறுமுயற்சிக் குறிப்பு எழுதி அதே கோப்புறையில் போட வேண்டும். எதை அப்படியே செய்தார், எதை மாற்றினார், ஏன் மாற்றினார், என்ன கேட்டது. ஐந்து நிமிடப் பயிற்சியை மூன்றாகக் குறைத்தாலோ, சுருதிப்பெட்டிக்குப் பதில் தொலைபேசிச் செயலியைப் பயன்படுத்தினாலோ எழுத வேண்டும். பலன் வரவில்லை என்றாலும் எழுத வேண்டும், முன் பதிவு ஒன்றும் பின் பதிவு ஒன்றும் சேர்த்து. மூல ஆய்வைச் செய்தவர் அதைத் தன் குறிப்பின் அடியில் திகதியோடு சேர்த்து, புதிய பிடிஎஃப்பை வட்டத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய பிரதியை அழிக்காமல் அதன் பெயரில் 1 என்றும் புதியதில் 2 என்றும் இலக்கமிடுங்கள். எந்தப் பிரதியை வைத்துச் செய்தேன் என்று அடுத்தவர் தன் குறிப்பில் சொல்ல அந்த இலக்கம் வேண்டும்.